சாயங்காலம் ஆறரைக்குத் தடுமாறும் கேட் கேமரா: 5-க்கு 3

திருச்சி தில்லைநகரில் லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிறேன். கேட்டுக்கு மேலே ஒன்று, பின்பக்கக் காம்பவுண்டுக்கு ஒன்று என ஒரே மாடலில் இரண்டு 4 மெகாபிக்சல் புல்லட் கேமரா வாங்கினோம். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலைக்கு வருகிற பல கேமராக்களுக்கும் இதே குணம்தான்.

பகலில் படம் அருமை. எதிரே நிற்கும் ஸ்கூட்டியின் நம்பரைப் படிக்கலாம். நள்ளிரவிலும் கறுப்பு வெள்ளையில் முகம் தெளிவாகவே தெரிகிறது. தகராறெல்லாம் ஆறேகாலிலிருந்து ஏழு மணி வரைக்கும்தான். வேலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வருகிற நேரமும் அதுதானே!

கேமராவுக்குள் சென்சாருக்கு முன்னால் ஐஆர் கட் ஃபில்டர் என்று ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. பகலில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) ஒளியைத் தடுத்து, நிறத்தைச் சரியாகக் காட்டுவது அதன் வேலை. இருட்டினால் அது நகர்ந்துகொள்ளும், ஐஆர் விளக்குகள் எரியும், படம் கறுப்பு வெள்ளையாகும். நகரும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கேட்டால் சரி. எங்கள் கேட்டில் நின்றால் பல்லி கத்துகிற மாதிரி விடாமல் டிக் டிக் டிக்.

காரணம், கேமராவை வெள்ளையடித்த சன்ஷேடை ஒட்டி மாட்டியிருந்தார்கள். இருட்டியதும் ஐஆர் எரிகிறது. அந்த வெளிச்சம் சன்ஷேடில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வருகிறது. பொழுது விடிந்துவிட்டது என்று கேமரா பகல் மோடுக்குப் போகிறது. ஐஆர் அணைகிறது, மறுபடி இருட்டு, மறுபடி டிக். ஒவ்வொரு தடவையும் படம் ஒரு நொடி வெளுத்துப்போக, அதையே ஆள் நடமாட்டம் என்று எண்ணி மொபைலுக்கு அலர்ட் வேறு. மாட்டிக்கொடுத்த தம்பிக்கு போன் போட்டால், "ஆட்டோல இருக்குக்கா, அதுவே பாத்துக்கும்" என்கிறார்.

அது பார்த்துக்கொள்ளாது. மொபைல் ஆப்பில் ஆட்டோ, கலர், கறுப்பு வெள்ளை என்று மூன்றே மூன்றுதான். உருப்படியான செட்டிங் எல்லாம் கம்ப்யூட்டர் பிரவுசரில் கேமராவின் ஐபி முகவரியைப் போட்டுத் திறந்தால்தான் வரும். வெளிச்சம் மாறி எவ்வளவு நேரம் கழித்து மோடு மாறவேண்டும் என்பதை அங்கே 5 நொடியிலிருந்து 120 நொடி வரை வைக்கலாம். வரும்போது குறைந்தபட்சத்தில்தான் இருந்தது. பின்பக்கக் கேமராவுக்கு 60 வைத்தோம். பக்கத்து வீட்டுக் கார் ஹெட்லைட் அடித்துவிட்டுப் போனாலும் இப்போது அசைவதில்லை. கேட் கேமராவை ஒரு பிராக்கெட் போட்டு சன்ஷேடை விட்டு முன்னால் இழுத்தாயிற்று.

அதோடு முடியவில்லை. இரவு ஏழரைக்கு வெள்ளை டாப்ஸ் போட்ட பெண் வெளியே போனதாக ரெக்கார்டிங் காட்டியது. கூப்பிட்டுக் கேட்டால், "ஆன்ட்டி, நான் கறுப்பு டாப்ஸ்லதான் போனேன்" என்று அந்த டாப்ஸையே கையில் கொண்டுவந்து காட்டினாள். அவள் சொன்னது சரிதான். சில பாலியெஸ்டர் துணிகளின் கறுப்புச் சாயம் அகச்சிவப்பை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பிவிடும். ஐஆர் படத்தில் அது வெளுத்துத் தெரியும். கேட்டோரத்து வேப்பிலையே வெள்ளையாகத்தான் தெரிகிறது. இரவு ரெக்கார்டிங்கை வைத்துக்கொண்டு இன்ன கலர் சட்டை என்று யார் மேலும் பழி போட்டுவிடாதீர்கள்.

அதனால் கேட்டுக்கு மேல் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று போட்டு, ஷெட்யூலில் காலை 6 முதல் இரவு 10 வரை கலர், கேட் பூட்டியபின் கறுப்பு வெள்ளை என்று வைத்துவிட்டேன். பல்பு இல்லாமல் ஷெட்யூலை நம்ப முடியாது. இங்கே நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் ஆறரை தாண்டும். மழை மூட்டமாக இருந்தால் ஐந்து மணிக்கே இருட்டு. எந்த நேரத்தைத்தான் போடுவது?

பின்பக்கக் கேமரா இரவில் மட்டும் அணைந்து அணைந்து வந்ததும் ஒரு கதை. கேபிள் நீளம், 12 வோல்ட் அடாப்டர் சின்னது. ஐஆர் எரியும்போது கூடுதல் கரண்ட் இழுக்க, வோல்டேஜ் இறங்கி ரீஸ்டார்ட் ஆகிறது. நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் கொடுக்கும் பிஓஇ சுவிட்சுக்கு மாற்றியதும் நின்றது. இதற்குக் கேமராவைக் குறை சொல்லமாட்டேன். ஒட்டடைக்கும்தான்: ஐஆர் பட்டுச் சிலந்தி வலை பளபளத்தால் அதற்கும் அலர்ட் வரும், துடைப்பம்தான் வழி.

வாங்கப்போகிறவர்கள் மெகாபிக்சலைக் கேட்பதோடு, பகல்–இரவு செட்டிங் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை நொடி கழித்து மோடு மாறவேண்டும் என்பதை மாற்றும் வசதி இல்லையென்றால் வேறு மாடல் பாருங்கள். படத்துக்காக மூன்று நட்சத்திரம் தருகிறேன். நாலாவது, அந்த செட்டிங்கை மொபைல் ஆப்புக்குக் கொண்டுவந்த பிறகு.