விண்படைச் சீருடைக்கு எந்தப் பழைய உடுப்பு? அமெரிக்க பி.டி.யூ.வா, ஜேர்மன் மோல்ஸ்கினா

ஓகஸ்ட் கடைசியில் ரொறொன்ரோவில் நடக்கிற ஃபான் எக்ஸ்போ என்ற சினிமா, படக்கதை ரசிகர் விழாவுக்கு வேஷம் போட்டுப் போகிறவர்களில் பலர் முழு உடுப்பையும் கடையில் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது எந்தப் படத்திலும் வராத ஒரு விண்கலப் படையின் சீருடை. கரிச்சாம்பல் நிறம், நிமிர்ந்த கொலர், பொத்தான் வெளியே தெரியாத முன்பக்கம். துணி எடுத்து அடியிலிருந்து தைக்கலாம்தான். ஆனால் மூடி வைத்த பொக்கெட்டுகள், இரட்டைத் தையல், தோள்பட்டி எல்லாம் பழைய இராணுவ உடுப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. உடுத்துப் பழகிய தோற்றமும் சும்மா கிடைக்கிறது. புதுத்துணியில் அதை வரவழைப்பது பெரிய வேலை. ஆகவே ஆர்மி சர்ப்ளஸ், அதாவது படைகள் கழித்து விற்கிற உடுப்புதான் என்று முடிவெடுத்தேன். எந்த நாட்டு சர்ப்ளஸ் என்பதில்தான் யோசனை.

கடைசியில் நான் எடுத்தது ஜேர்மன் மோல்ஸ்கின், தடிப்பான, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. ஃப்ளெக்டார்ன் என்ற புள்ளி உடுப்பு (மறைவு நிறச் சீருடை) வருவதற்கு முன்னர் ஜேர்மன் படையான பொன்டஸ்வேர் உடுத்த ஒலிவ் பச்சைச் சேட்டும் காற்சட்டையும். கடைசிவரை போட்டிக்கு நின்றது அமெரிக்கப் படைகளின் களச் சீருடையான பி.டி.யூ. (Battle Dress Uniform).

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கம்பளிச் சீருடைகள் பார்க்க மிடுக்கானவை, அதிகாரி வேஷத்துக்கு அசத்தும். ஆனால் ஓகஸ்ட் மாதம், சனநெரிசல், கம்பளி என்று யோசித்ததுமே விட்டுவிட்டேன். கம்பளியை வெட்டித் தைத்த அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். விமானிகளின் ஓவரோல் நல்ல வடிவம், ஒரே உடுப்பில் வேலை முடியும். ஆனால் சி.டபிள்யூ.யூ.-27 என்ற அமெரிக்க ஓவரோல் நோமெக்ஸ் துணி. நெருப்புக்கு மசியாத அந்த இழை வீட்டுச் சாயத்துக்கும் மசியாது. பச்சையாகவே இருக்கட்டும் என்றால் மட்டும் அதை எடுங்கள். அப்புறம் புத்தம் புதிதாகவே கறுப்பில் விற்கிற பி.டி.யூ. பாணி உடுப்புகள். மலிவு, சாயமும் தேவையில்லை. என்ன, எவ்வளவு ஒட்டு வேலை செய்தாலும் மோல் வாசலில் நிற்கிற செக்கியூரிட்டி போலத்தான் இருக்கும்.

பி.டி.யூ.வுக்கு நியாயமாகச் சில பிளஸ் இருக்கின்றன. 1981 முதல் 2000களின் நடுப்பகுதி வரை அமெரிக்கப் படைகள் முழுவதும் உடுத்தது, ஆகவே எந்தக் கடையிலும் எந்த அளவிலும் கிடைக்கும். லேபிளில் உயரமும் மார்பளவும் சென்ரிமீற்றரில் இருக்கும். 7080/9404 என்றால் 170 முதல் 180 உயரம், 94 முதல் 104 மார்பு. உடுத்துப் பார்க்காமலே வாங்கலாம். கோடைக்கான ரிப்ஸ்ரொப் துணி (கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்தது) மெல்லியது, கெதியாகக் காயும்.

வடிவத்தில்தான் முதல் சிக்கல். நாலு பெரிய பொக்கெட் வைத்த அந்த மேற்சட்டையை எல்லோருக்கும் தெரியும். 1997இல் தொடங்கிய ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடரில் பச்சை பி.டி.யூ.வையே உடுத்துக்கொண்டு வேற்றுக் கிரகம் போனார்கள். கதை இன்றைய அமெரிக்க விமானப்படையைப் பற்றியது என்பதால் அங்கே அது பொருந்தியது. முந்நூறு வருஷம் தள்ளி நடக்கிற கதைக்குக் கீழ்ப் பொக்கெட் இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தால் வெயில் படாத இரண்டு சதுரங்கள் கடும் நிறத்தில் தெரியும். போதாததற்கு, படையில் கொடுத்த பி.டி.யூ.க்களில் பெரும்பாலானவை வூட்லண்ட் என்ற காட்டு நிறப் புள்ளி உடுப்பு. மேலே சாயம் போட்டாலும் புள்ளி நிழலாக நிற்கும். அது சிலருக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டில் புள்ளி உடுப்புக்கு இடமில்லை. தெருவில் அது வந்தால் யார் என்று ஒளிந்து பார்க்க வேண்டியிருந்த காலத்தை அம்மா மறக்கவில்லை.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. தீர்ப்பைச் சொன்னது சாயம்.

கடையில் உடுப்பைக் கையில் எடுத்தால் நாடு, வருஷம் எல்லாவற்றுக்கும் முன்னால் இழையைப் பாருங்கள். பி.டி.யூ. துணி பெரும்பாலும் நைலோன் பாதி, பருத்தி பாதி. பருத்திக்கு ஒரு சாயம், நைலோனுக்கு இன்னொன்று. சுப்பர்மார்க்கெட்டில் விற்கிற பொதுச் சாயங்களில் இரண்டுமே கலந்திருக்கும், ஆகவே துணி நிறம் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் கொதிநிலைக்குக் கிட்ட வைத்துக் கிளற வேண்டும், அந்தப் பானையில் பிறகு சமைக்க முடியாது. பருத்தியில் ஒட்டுகிற பாதியோ இழையோடு இரசாயனமாகப் பிணையாமல் சும்மா உட்கார்ந்திருப்பது. ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் இறங்கும். நாள் முழுக்க வியர்த்தால் கழுத்தோரம் பெனியனும் சாம்பலாகும். ஃபான் எக்ஸ்போ நாலு நாள். இரவில் கழுவிக் காலையில் உடுத்தே ஆகவேண்டும்.

நான் எடுத்த மோல்ஸ்கின் நூறு வீதம் பருத்தி. அதற்கு ரியாக்ரிவ் சாயம் போடலாம். ஐ.சி.ஐ. என்ற பிரித்தானிய இரசாயன நிறுவனம் 1956இல் புரோசியன் என்ற பெயரில் கொண்டுவந்த வகை, எம்.எக்ஸ். என்கிற அதன் பிரிவைத்தான் இன்றும் கைவினைக்காரர் வாங்குகிறார்கள். அடுப்பு தேவையில்லை. வாளித் தண்ணீர், உப்பு, சாயம், பிறகு சோடா ஆஷ் (சோடியம் கார்பனேற்று). சோடா ஆஷ் தண்ணீரைக் காரமாக்கியதும் சாயம் பருத்தியோடு இரசாயனமாகவே பிணைந்துவிடுகிறது. பிணையாத மிச்சத்தைச் சுடுதண்ணீரில் அலசி எடுத்துவிட்டால் அதன் பிறகு இறங்க ஒன்றுமில்லை. என்னுடையதைச் சாதாரணமாக மெஷினில் போடுகிறேன், வெள்ளைத் துவாயோடுகூட. சாயத் தூளைக் கலக்கும்போது மட்டும் மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். மூச்சோடு உள்ளே போனால் அலர்ஜி வரலாம்.

ஒலிவ் பச்சைக்கு மேல் கறுப்பைக் குறைத்துப் போட்டால் கரிச்சாம்பல் வரும் என்று தோன்றும். வராது. அடிப்பச்சை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். கறுப்போடு கொஞ்சம் சிவப்புச் சேர்த்தால் பச்சை அடங்கும். எவ்வளவு என்பது உங்கள் உடுப்பு எவ்வளவு வெளிறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது, ஆகவே காற்சட்டையின் கீழ் மடிப்பில் வெட்டிய துண்டுகளில் பரிசோதியுங்கள். ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்ப வேண்டாம், காயவிட்டுப் பாருங்கள். பழைய உடுப்பில் எண்ணெய்ப் பசையோ நீர் ஒட்டாப் பூச்சோ இருந்தால் திட்டுத்திட்டாக வரும். முதலில் சோடா ஆஷும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

தையல் நூல் பொலியெஸ்டர் என்பதால் நிறம் மாறாது. சாம்பல் துணியில் இளம்பச்சைக் கோடுகள் தனியாகத் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது, வேண்டுமென்றே வைத்த கரை போல இருக்கிறது. பிடிக்காதவர்களுக்குத் துணி மார்க்கர் இருக்கிறது.

வெட்டு வேலை கொஞ்சம்தான். கொலரின் மேல்மடிப்பைப் பிரித்தெடுத்து அடிப்பட்டியை மட்டும் விட்டால் நிமிர்ந்த கழுத்து தயார். பொத்தான்களை எடுத்துவிட்டு உள்ளே அழுத்துப் பொத்தான் வைத்தேன். இரண்டு கையிலும் இருக்கிற சிறிய ஜேர்மன் கொடியைப் பிரித்தால் அங்கும் கடும் நிறத் தடம் இருக்கும். அந்த இடத்தில்தான் கப்பலின் சின்னத்தைத் தைத்தேன்.

கொடியைப் பிரிப்பது அழகுக்காக மட்டுமல்ல. கனடாவின் குற்றவியல் சட்டம் 419ஆம் பிரிவு, அதிகாரமில்லாமல் படைச் சீருடையையோ, அதுவென்று நம்பும்படியான உடுப்பையோ அணிவதைக் குற்றமாக்குகிறது. கனடியப் படைகள் என்று மட்டுமில்லை, வேறு எந்த நாட்டுப் படையும் அதில் அடங்கும். பெயர்ப்பட்டி, பதவிக்குறி, கொடி ஒன்றும் மிஞ்சக் கூடாது.

மோல்ஸ்கினின் குறை பாரமும் சூடும். காற்றுப் புகாத நெசவு அது. மண்டபத்துக்குள் ஏசி இருப்பதால் தாங்குகிறது, ஆனால் வெளியே ஃபுரொன்ட் ஸ்ரீற்றில் வரிசையில் நிற்கும்போது மேற்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வேன். வெளியிலேயே நாள் முழுக்க நிற்கப்போகிறீர்கள் என்றால் ரிப்ஸ்ரொப் பி.டி.யூ.வை எடுங்கள். அதிலும் லேபிளைப் பார்த்து, நைலோன் கலக்காத பழைய பருத்தி ரிப்ஸ்ரொப் தேடினால் கிடைக்கும். அதற்கும் இதே வாளிச் சாயம்தான்.