ராக் இசை நிகழ்ச்சி டிக்கட் என்று 46,000 ரூபாவைப் பறித்துவிட்டார்கள்: மலையக உறவுகளே, கவனம்

கடந்த சனிக்கிழமை கொழும்பில் நடைபெற்ற மூத்த ராக் பாடகர் ஒருவரின் மேடை நிகழ்ச்சிக்கு டிக்கட்டும் பஸ் பயணமும் சேர்த்துத் தருவதாகச் சொல்லி, ஹட்டன் நகரிலுள்ள ஒரு பயண ஏற்பாட்டுக் கடையினர் எங்களிடம் 46,000 ரூபாவை வாங்கிக்கொண்டு, எங்களை வாசலோடு திருப்பி அனுப்ப வைத்துவிட்டார்கள். முறைப்பாடு பொலிஸில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அதே கடையினர் அடுத்த நிகழ்ச்சிக்கும் இன்று காலை முகநூலில் விளம்பரம் போட்டிருக்கிறார்கள் என்பதால், ஆத்திரம் அடங்கும்வரை காத்திருக்காமல் எழுதுகிறேன். இப்படிப்பட்டவர்களிடம் சிக்காமல் இருப்பது எப்படி என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

டிக்கட் என் பெரியண்ணாவுக்கும் எனக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்துகொண்டு இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் அந்தப் பாடகரைக் கேட்டு, கிடைத்த ஒலிநாடாக்களையெல்லாம் சேர்த்து வைத்தவர் அண்ணா. பாடகருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இதைவிட்டால் அவரை நேரில் பார்க்க இன்னொரு வாய்ப்பு வருமா என்று அண்ணா பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிக்கட் ஒன்று 18,000, பஸ்ஸுக்கு ஆளுக்கு 5,000, ஆக மொத்தம் 46,000 ரூபா. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி கணக்குப் பார்த்தால், கொழுந்து எடுக்கும் ஒருவர் ஏறக்குறைய 34 நாள் வேலை செய்தால்தான் இந்தப் பணம் கைக்கு வரும். அண்ணி சீட்டுக் கட்டிச் சேர்த்த காசும் அதில் இருந்தது.

கடைக்காரர் எங்களை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, அண்ணாவின் பெயர் அச்சிடப்பட்ட டிக்கட்டையும் அதிலிருந்த கியூஆர் கட்டத்தையும் காட்டினார். "நீங்க நம்ம ஆளுங்கண்ணே, உங்கள ஏமாத்திட்டு நான் இந்த டவுன்ல நடமாட முடியுமா?" என்று அவர் கேட்டபோது அண்ணாவின் முகம் மலர்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு இன்றுவரை ஆறாதது அந்த வார்த்தைதான். நம் ஊர், நம் பேச்சு, நம் ஆட்கள் என்ற உரிமையைச் சொல்லித்தான் அவர் பணத்தை வாங்கினார். நிறுவனக் கணக்கு புதுப்பிக்கப்படுகிறது என்று கூறி, ஒரு பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் பணத்தைப் போடச் சொன்னார். வங்கிச் சிட்டையை வட்ஸ்அப்பில் அனுப்பிய பின்னர் தந்த பற்றுச்சீட்டில் பதிவிலக்கம் எதுவும் இல்லை, ஒரு ரப்பர் முத்திரை மட்டுமே இருந்தது.

கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகப் பஸ் போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. வாசலில் நின்ற பையன் அண்ணாவின் தொலைபேசியைக் கருவியில் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த டிக்கட்டில் மாலையிலேயே வேறொருவர் உள்ளே போய்விட்டாராம். கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்திலிருந்து எங்களோடு அதே பஸ்ஸில் வந்தவர்களின் தொலைபேசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கட்டத்தின் கீழிருந்த இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றே; மேலே பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியிருந்தது. ஒரே டிக்கட்டைப் பிரதியெடுத்து அத்தனை பேருக்கும் விற்றிருக்கிறார்கள். நாங்கள் வாசலில் வாதாடிக்கொண்டிருந்தபோதே உள்ளே கிற்றார் ஒலியும் கூட்டத்தின் ஆரவாரமும் எழுந்தன.

கடைக்காரரை அழைத்தால், முதலில் "நெட்வேர்க் பிரச்சினை, கொஞ்சம் பொறுங்க" என்றார். பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் போனபோது, தாங்கள் இடையில் நிற்பவர்கள் மட்டுமே, கொழும்புக் கம்பனிதான் பொறுப்பு என்றார். அந்தக் கம்பனியின் பெயரைக் கேட்டால் பதில் இல்லை. பஸ் ஓடியது உண்மைதானே, ஆகவே அந்தப் பத்தாயிரத்தைக் கேட்கவே முடியாது என்றார். டிக்கட் பணத்துக்குப் பதிலாக அடுத்த நிகழ்ச்சியில் கழிவு தருகிறேன் என்று அவர் சொன்னதும் அண்ணா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே வந்துவிட்டார். அன்று மாலையே எங்கள் இருவரின் இலக்கங்களையும் முடக்கிவிட்டார்கள். 46,000 ரூபாவில் ஒரு சதம்கூடத் திரும்பவில்லை.

விரிவாக எழுத இப்போது மனம் ஒத்துழைக்கவில்லை, அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் அறிவித்த இடத்தில் அன்றி வேறெங்கும் டிக்கட் வாங்காதீர்கள். தனியாள் கணக்கில் பணம் போடாதீர்கள். கியூஆர் டிக்கட் ஒருமுறை மட்டுமே செல்லும். அதன் படத்தை யாரும் எத்தனை பிரதியும் எடுக்கலாம் என்பதால், படத்தைக் காட்டுவது எதற்கும் அத்தாட்சி ஆகாது. ஏமாந்தவர்கள் வங்கிச் சிட்டை, பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் பொலிஸில் முறையிடுங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

அதே பஸ்ஸில் வந்தவர்கள் இதைப் படித்தால், பற்றுச்சீட்டின் படத்துடன் எனக்கு உட்பெட்டியில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறோம். எல்லாரும் சேர்ந்தே போவோம்.