துப்பாக்கியைப் பறிக்க யார் மனு போடலாம்? கலிபோர்னியாவும் புளோரிடாவும்

2014இல் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் ஆறு பேரைக் கொன்ற இளைஞனைப் பற்றிப் பெற்றோர் முன்பே பதறியிருந்தார்கள். போலீசார் அவனை நேரில் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பினார்கள். வீட்டுக்குள் இருந்த துப்பாக்கிகள் அப்படியே இருந்தன. அந்த ஓட்டையை அடைக்க வந்த கலிபோர்னியா சட்டம் 2016 முதல், ஆபத்தானவராகத் தெரிபவரின் துப்பாக்கியைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பறிக்கும் உத்தரவு கேட்டுக் குடும்பத்தாரே நேராக நீதிமன்றம் போக வழிவிட்டது. 2020இல் முதலாளி, சக ஊழியர், ஆசிரியர் ஆகியோருக்கும் சில நிபந்தனைகளோடு அந்த உரிமை கிடைத்தது.

புளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் பலியான பிறகு, 2018இல் அந்த மாநிலமும் இதே மாதிரி சட்டம் போட்டது. ஆனால் அங்கே மனு போட போலீசால் மட்டுமே முடியும். பெற்ற தாயே பயந்தாலும் போலீசைத்தான் நாட வேண்டும். பழிவாங்கும் பொய்ப் புகார்களை இது வடிகட்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நான் கலிபோர்னியா பக்கம்தான். ஒருவர் நிலைகுலைவதை முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள். போலீசார் தயங்கினால் அவர்களுக்கு வேறு கதவு வேண்டாமா?

துப்பாக்கியை இழப்பவரின் தரப்பைச் சீக்கிரம் கேட்பதில் புளோரிடா மேல். அவரைக் கேட்காமலே போடும் தற்காலிக உத்தரவுக்குப் பின் 14 நாளுக்குள் விசாரணை. கலிபோர்னியாவில் 21 நாள். விசாரணைக்குப் பிந்தைய உத்தரவு புளோரிடாவில் அதிகபட்சம் ஓராண்டு, கலிபோர்னியாவில் ஐந்தாண்டு வரை நீளலாம்.