நரம்பா, ஓட்டைக்கல்லா? சின்னத் தங்க-வெள்ளி நிலத்தில் எதை நம்பித் துளையிடுவது

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டோனோபாவுக்கும் கோல்ட்ஃபீல்டுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். முதலாவது 1900-இல் கண்டுபிடிக்கப்பட்டது, இரண்டாவது 1902-இல். இரண்டிலும் எரிமலைப் பாறைக்குள் வெந்நீர் கொண்டுவந்து சேர்த்த உலோகம்தான். ஆனாலும் டோனோபாவில் வெள்ளிதான் பிரதானம், கோல்ட்ஃபீல்டில் தங்கம். எரிமலைப் பாறையில் ஒரு சின்ன நிலம் கைக்கு வந்தால், அது இந்த இரண்டில் எந்தச் சாதி என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் உலோகம் என்பது அப்புறம்.

டோனோபாவை நரம்பு வகை (பாறை விரிசலில் குவார்ட்ஸும் உலோகமும் படிந்து நிரம்பிய பட்டை) என்று வைத்துக்கொள்வோம். 200 முதல் 300 டிகிரி வரை சூடான, அமிலத்தன்மை அதிகம் இல்லாத நீர் விரிசல் வழியே மேலே வருகிறது. தரைக்குக் கொஞ்சம் கீழே அழுத்தம் குறைந்து கொதிக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு ஆவியாகப் பிரிந்துவிட, அதைப் பிடித்துக்கொண்டு வந்த தங்கம் பிடி இழந்து அங்கேயே படிகிறது. கோடு கோடாக அடுக்கிய குவார்ட்ஸ், அடுலாரியா என்ற ஒரு வகை ஃபெல்ட்ஸ்பார் கனிமம், தகடு தகடாக இருந்த கால்சைட்டின் இடத்தில் குவார்ட்ஸ் உட்கார்ந்த தடம் எல்லாம் கொதித்ததற்கு அடையாளம். கைலென்ஸ் போதும்.

இதில் எந்த ஆழத்தில் நிற்கிறோம் என்பதுதான் எல்லாம். செழிப்பான தாது பெரும்பாலும் ஒரு குறுகிய ஆழப் பட்டைக்குள் அடங்கிவிடும். மேலே களிமண்ணும் வெந்நீர் ஊற்றுப் படிவும் தெரிந்தால் பட்டை இன்னும் கீழே இருக்கலாம். ஜப்பானின் ஹிஷிகாரியில் நரம்பு தரையில் தலைகாட்டவே இல்லை. ஹெலிகாப்டரில் மின்காந்த அளவீடு செய்து, 1981-இல் துளையிட்டுத்தான் பிடித்தார்கள். மாறாக, மேலேயே ஈயமும் துத்தநாகமும் நிறையத் தெரிந்தால் எச்சரிக்கை வேண்டும்: தங்கப் பட்டை ஏற்கெனவே அரித்துப் போயிருக்கலாம்.

கோல்ட்ஃபீல்டு ஓட்டைக்கல் வகை. மாக்மாவின் (பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பின்) ஆவி கலந்த கடும் அமில நீர் பாறையில் இருந்த எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போக, சிலிக்கா மட்டும் ஸ்பாஞ்சு போல மிஞ்சும். சுற்றிலும் அலுனைட் என்ற சல்பேட் கனிமம், அதற்கு வெளியே களிமண். தங்கம் பின்னால், எனார்கைட் போன்ற தாமிர-ஆர்சனிக் கனிமங்களோடு வந்து அந்த ஓட்டைகளில் ஏறும். ஏறாமலும் போகும்! அதுதான் சின்னக் கம்பெனிகளை ஏமாற்றும் இடம். கோல்ட்ஃபீல்டிலேயே வெந்து மாறிய பாறை பல சதுர கிலோமீட்டர் பரந்திருக்க, பெருந்தங்கம் ஒரு சின்ன மூலையில்தான் கிடைத்தது. (அந்த மூலை எவ்வளவு செழிப்பு என்றால், சுரங்கத் தொழிலாளர்கள் உடையில் ஒளித்துக் கொண்டுபோகிறார்கள் என்று முதலாளிகள் உடைமாற்றும் அறைகளைக் கொண்டுவந்தார்கள். அது பெரிய தகராறாக முடிந்தது.)

பிரித்தெடுப்பதிலும் வித்தியாசம் உண்டு. நரம்பு வகைத் தாதுவில் தங்கம் பெரும்பாலும் சயனைடு கரைசலில் எளிதில் கரைந்து வந்துவிடும். ஓட்டைக்கல் வகையில் வெயிலும் மழையும் ஆக்சைடாக்கிய மேல்பகுதியிலும் பிரிப்பது எளிது. பெருவின் யானகோச்சா அப்படித்தான் வளர்ந்தது. கீழே சல்பைடு (கந்தகம் சேர்ந்த தாது) தொடங்கியதும் கதை வேறு. டொமினிகன் குடியரசின் பியூப்லோ வியேஹோவில் ஆக்சைடு 1999-இல் தீர்ந்தது. அடியில் இருந்த சல்பைடைத் தொட, பிரம்மாண்டமான அழுத்தக் கலன்களோடு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சின்ன ஆளுக்கு அது கனவு.

என் ஓட்டு நரம்பு வகைக்கு. குறை இல்லாமல் இல்லை: தங்கம் மணிமணியாகச் சிதறிக் கிடப்பதால் ஒரே நரம்பில் பக்கத்துப் பக்கத்து மாதிரிகள் 2 கிராம், 60 கிராம் என்று காட்டலாம். தரைக்கு அருகே மழைநீர் வெள்ளியைக் கரைத்து இறக்கியிருந்தால், மேலே எடுத்த மாதிரி கீழே இருக்கும் வெள்ளியைச் சொல்லாது. வெள்ளியைக் கண்ணால் பார்த்தும் விட்டுவிடுவது உண்டு. நெவாடாவின் காம்ஸ்டாக்கில் 1859-இல் தங்கம் அலசியவர்கள், மண்ணை ஆட்டி அலசும் தொட்டில் போன்ற பெட்டியை அடைத்த நீலச் சேற்றைத் திட்டித் தள்ளினார்கள். சோதனைக்குக் கொடுத்த பிறகுதான் அது வெள்ளித்தாது என்று தெரிந்தது.

பழைய துளைகளின் பதிவு கிடைத்தால் கிராமைப் பார்க்கும் முன் கோணத்தைப் பாருங்கள். நரம்பு சாயும் பக்கமாகவே துளை இறங்கியிருந்தால், "20 மீட்டர் தாது" என்று எழுதியிருப்பது உண்மையில் ஒன்றரை மீட்டர் அகல நரம்பாக இருக்கலாம்.