சிறைக்குள் நோட்டரியை அனுப்புகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள், எனக்கு 18,500 ரூபாய் போனது

நேற்று சாயங்காலம்தான் அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்தான். ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. இன்னொரு குடும்பம் இவர்களிடம் மாட்டக் கூடாது என்றுதான் விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். போனது 18,500 ரூபாய்.

என் அண்ணன் ஒரு மத்திய சிறையில் தண்டனைக் கைதி. இதயம் பலவீனமாகி, மூன்று முறை அரசு மருத்துவமனையின் கைதிகள் வார்டுக்குப் போய் வந்துவிட்டார். எங்கள் அப்பா 2019-ல் பதினோரு நாள் வென்டிலேட்டரில் கிடந்துதான் போனார். ராப்பகலாகக் கூடவே இருந்தவர் அண்ணன். போன மாதம் மனு போட்டுப் பார்க்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்டர்காமைக் காதில் வைத்துக்கொண்டு, "பாப்பா, எனக்கு அந்தக் குழாயெல்லாம் வேண்டாம். நான் பேச முடியாம கிடந்தா நீயும் உங்க அண்ணியும்தான் முடிவு சொல்லணும். அதுக்கு என்ன எழுதணுமோ எழுதிடு" என்றார்.

இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பதற்குப் பெயர் லிவிங் வில். 2018-லேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. ஆனால் உள்ளே இருப்பவரிடம் எப்படி எழுதி வாங்குவது? யாரிடம் கேட்பது? அண்ணன் சிறையில் இருப்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த வக்கீல் வீட்டுப் படியேறவே கூசியது. போனில் தேடினேன். நோட்டரியை நேரில் அனுப்பும் ஆன்லைன் சேவை ஒன்று வந்தது. மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறை, எங்கே என்றாலும் வருவார்களாம்.

பேசியவன் முதலில் கேட்டது, "மனு பார்க்க எந்தக் கிழமை போறீங்க அக்கா? கைதி எண் கையில இருக்கா?" அதில்தான் விழுந்தேன். அண்ணன் என்ன கேஸ் என்று அவன் கேட்கவேயில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னிடம் பேசிய முதல் ஆள் அவன். போனை வைத்த பிறகு நான் அழுதேன், நிம்மதியில்.

முன்பணம் 6,000. இரண்டு நாள் கழித்து, "உள்ளே போக அனுமதி, வண்டிச் செலவு" என்று 12,500. அண்ணியின் தோட்டை அடகு வைத்து அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் கூரியரில் ஒரு கவர் வந்தது. முத்திரைத்தாள், நோட்டரி ஸ்டாம்ப், சிவப்பு வட்டச் சீல், நோட்டரியின் கையெழுத்து, எல்லாம் இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போடும் இடமும் சாட்சிகள் இடமும் மட்டும் காலி. அண்ணனின் இனிஷியல் தப்பு. சீலுக்குக் கீழே இருந்த தேதி, நான் முதல் பணம் அனுப்பியதற்கு இரண்டு நாள் முந்தையது! கேட்டால், "அடுத்த மனுவில் அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கிக்கோங்க அக்கா, அவ்வளவுதான்" என்கிறான். அந்தக் கண்ணாடி வழியாக ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்க முடியாது என்பது மனு பார்க்கப் போன எல்லோருக்கும் தெரியும். "என் முன்னால் கையெழுத்திட்டார்" என்று நோட்டரி சான்று தர வேண்டிய தாளில், ஆளைப் பார்க்காமலே சீல். அதை மருத்துவமனையில் நீட்டியிருந்தால் போலி ஆவணம் என்று என் மேலேயே கேஸ் வந்திருக்கும்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. "சார் கோர்ட்ல இருக்கார்." "ரீஃபண்ட் டீம் கூப்பிடுவாங்க." ஒரு பெண் என் புகாருக்கு டிக்கெட் எண் கொடுத்தாள். மறுநாள் அந்த எண்ணைச் சொன்னால் அப்படி ஒன்றே இல்லை என்றார்கள். கடைசியாக வந்த மெசேஜ்: "டாக்குமெண்ட் டெலிவரி ஆகிவிட்டது, சர்வீஸ் முடிந்தது." 18,500 ரூபாய்க்கு அவ்வளவுதான் பதில்.

வயிறு எரிவது இதற்குத்தான்: இதற்கு எந்த ஏஜென்டும் தேவையே இல்லையாம். சிறை நல அலுவலரிடமும் சட்ட உதவி மையத்துத் தன்னார்வலரிடமும் நேற்றுக் காலைதான் கேட்டேன். முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டுமென்று இருந்ததை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து, அதற்கு ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று, அவ்வளவுதான். கெஜட்டட் அதிகாரிகள் சிறைக்குள்ளேயே இருக்கிறார்கள். கண்காணிப்பாளருக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். காவலில் இருப்பவருக்குச் சட்ட உதவி இலவசம், அது 1987-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் கூச்சப்படாமல் முதல் நாளே கேட்டிருந்தால் அண்ணி காதில் தோடு இருந்திருக்கும்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். சுருக்கமாக: ஆள் நேரில் இல்லாமல் சீல் வைத்த தாளை வாங்காதீர்கள். "உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்றால் உடனே போனை வையுங்கள். சட்ட உதவிக்கு 15100. பணம் போயிருந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், என்னைப் போல ரீஃபண்ட் டீமை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். பவர் பத்திரம் என்றாலும் இதே ஆட்கள் வருவார்கள். சிறையில் இருப்பவர் பதிவு அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை, சார்பதிவாளரே சிறைக்கு வந்து விசாரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அவரிடமே நேராகக் கேளுங்கள்.

கூரியர் கவரையும் அந்தத் தாளையும் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் அதைத்தான் முதலில் கொடுக்கப் போகிறேன்.