கண்மாய்க்கு ஒரு தோணி, ஒரு மோட்டார்: மூன்று வருடம் ஓட்டிய கணக்கு

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயின் மீன் குத்தகையைச் சித்தப்பா எடுத்த வருடம் நான் படகு தேடத் தொடங்கினேன். அதுவரை லாரி டியூப்தான் எங்களுக்குப் படகு. வலை கட்டுவதும் தூண்டில் போடுவதும் அதில் தொங்கிக்கொண்டேதான்.

முதலில் வாங்கியது காற்றடிக்கும் ரப்பர் படகு. கண்மாயின் உள்பரப்பெல்லாம் சீமைக்கருவேல். இரண்டாம் வாரமே முள் ஏறிவிட்டது, அந்தக் கதை அதோடு முடிந்தது. அடுத்துத் தொண்டிக்குப் போய் ஒரு ஃபைபர் வத்தையைப் பார்த்தேன். கடலுக்குச் செய்தது, தூக்க நாலு ஆள் வேண்டும். “தம்பி, இதைக் கரையேத்தி இறக்குறதுக்குள்ள உங்க மீனு கருவாடாயிரும்” என்று விற்க வந்தவரே சொல்லிவிட்டார்.

கடைசியில் அமைந்தது 12 அடி ஃபைபர் கேனோ (ஒடுக்கமான துடுப்புப் படகு), 32 கிலோ. நானும் மச்சானும் சேர்ந்தால் கரையைத் தாண்டித் தூக்கிவிடுவோம். அடி தட்டை, முழங்கால் தண்ணீரிலும் ஓடும். ஆனால் ஒரு தப்பு செய்தேன். இரண்டு முனையும் கூரானதை வாங்கிவிட்டேன். பார்க்க அழகுதான், மோட்டார் மாட்ட இடம் கிடையாது. குறுக்கே ஒரு கட்டையைப் போல்ட் போட்டு, மோட்டாரைப் பக்கவாட்டில் தொங்கவிட்டேன். எந்நேரமும் ஒரு பக்கமாக இழுக்கும், கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கினால் பின்பக்கம் தட்டையாக வெட்டியதாகப் பாருங்கள்.

மோட்டாருக்கு வருவோம். 2 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சினை இரவல் வாங்கி ஒரு நாள் ஓட்டினேன். வேகம் உண்டு. ஆனால் சத்தத்தில் விரால் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அது தண்ணீரை உறிஞ்சிக் குளிரும் எஞ்சின் வேறு. சேறும் பாசியும் போய் அடைத்துக்கொண்டது.

அதனால் 12 வோல்ட் மின்மோட்டார், 55 பவுண்டு உந்துவிசை. முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை தின்னும். 100 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குமேல் எடுத்தால் ஆயுசு குறையும். ஆக முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இரண்டாம் வேகத்தில் வைத்தால் மூன்று மணி நேரம் சுற்றலாம். இவ்வளவு சின்னப் படகில் ஓர் அளவுக்குமேல் திருகினால் வேகம் கூடாது, மின்சாரம்தான் கரையும். பேட்டரியும் 30 கிலோவுக்குக் குறையாது. அதையும் பின்னால் வைத்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும். தடித்த வயர் இழுத்து முன்பக்கம் வைத்த பிறகுதான் படகு நேரானது. கையில் காசிருந்தால் லித்தியம் வாங்குங்கள், எடை பாதிகூட இராது.

அல்லிக் கொடி சுற்றுவதுதான் தினசரித் தலைவலி. கொடி கண்டால் மோட்டாரைத் தூக்கிவிட்டு மூங்கில் கழியால் ஊன்றிப் போவதே சுலபம். தண்ணிக்குள் கருவேல அடிக்கட்டை தட்டினால் புரொப்பல்லரைப் பிடித்திருக்கும் ‘பின்’ (pin) ஒடியும். அது ஒடிவதற்கென்றே வைத்தது, மோட்டாரைக் காப்பாற்றத்தான். நாலைந்து எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். நடுக்கண்மாயில் ‘பின்’ இல்லாமல் கையால் துடுப்புப் போட்ட சாயங்காலத்தை இன்னும் மச்சான் சொல்லிக் காட்டுகிறான்.

இதில் போய்க் கொக்கு, தாரா அடிக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். படகு மீனுக்கு மட்டும்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் நிறையும் கண்மாய் சித்திரையில் வற்றிவிடும். முதல் கோடையில் பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல் போட்டுவைத்து, அது செத்தே போனது. இப்போது கோடை வந்தால் புதிய பேட்டரி வீட்டு இன்வெர்ட்டரில் ஏறிக்கொள்ளும். படகு வாசலில் கவிழ்ந்து கிடக்கும். அதன் முதுகில் அப்பத்தா வேட்டி விரித்து வடகம் காயவைத்திருப்பாள்.