டிஸ்க் பிரேக் செட் என்று வேறு எதையோ அனுப்பி 48,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் உஷார்!

48,500 ரூபாய். இங்கிலாந்திலிருந்து பழைய கார் பாகங்களை இறக்குமதி செய்து தருகிறோம் என்று விளம்பரம் போடுகிற ஓர் ஆன்லைன் கடை என்னிடமிருந்து வாங்கிய தொகை இது. பணம் போனதைவிட, அவர்கள் அனுப்பியதை மாட்டி ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

எங்களிடம் இருப்பது அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பெருங்களத்தூர் ஃபேக்டரியில் செய்தது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஊருக்குள் ஓட்டப் போதும். ஏலகிரி மலையில் ஏறிவிட்டு இறங்கும்போதுதான் தெரியும். பதினாலு கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் டிரம் சூடேறி விரிந்துவிடும், பெடல் கீழே கீழே போகும், காருக்குள் லைனிங் கருகும் வாடை வரும். அப்பாவை உட்கார வைத்து இப்படி ஓட்ட எனக்கு மனசில்லை.

இதற்கு நல்ல வழி இருக்கிறது: முன் சக்கரங்களுக்கு, சூட்டில் டிரம் அளவுக்குத் திணறாத டிஸ்க் பிரேக். ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான், அதை உருவாக்கிய இங்கிலாந்து கம்பெனி ட்ரையம்ப் 1962-ல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. அதற்கு ஆரம்பத்திலிருந்தே முன்னால் டிஸ்க். அதனால் ஸ்பிட்ஃபயரின் காலிபர் (டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பாகம்), டிஸ்க், ஹப், பிராக்கெட் எல்லாம் சேர்ந்து கிடைத்தால் ஹெரால்டுக்கு மாற்றிவிடலாம். உலகம் முழுக்க ஹெரால்டு வைத்திருப்பவர்கள் செய்வதுதான்.

அந்தக் கடைக்காரர் பேசிய பேச்சைக் கேட்டால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். பணப் பேச்சே எடுக்கவில்லை. முதலில் சேஸி நம்பர் கேட்டார். "சார், பின்னாடி டிரம்ம முதல்ல சரி பண்ணுங்க. அவசரமே இல்ல, அப்புறம் இத வாங்கிக்கலாம்" என்றார். அப்பாவுக்கு என்ன வயது, காரை யார் ஓட்டுகிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். வீடியோ காலில் காலிபரை மேஜை மேல் வைத்து, வார்ப்பில் இருந்த கிர்லிங் (இங்கிலாந்து பிரேக் கம்பெனி) பெயரைக் காட்டினார். பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்தினார், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "புது பிஸ்டன், புது சீல். என் வண்டியிலயே இதான் சார் ஓடுது" என்றார். அன்று இரவே 48,500 ரூபாயை அனுப்பினேன். பில் பெட்டிக்குள்ளேயே வரும் என்றார்.

பெட்டி வந்தது, பில் வரவில்லை. பளபளவென்று சிவப்பு பெயின்ட் அடித்த காலிபர். எங்கள் மெக்கானிக் பாய் அதைக் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார். ரப்பரை விலக்கி பிஸ்டன் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பெயின்ட் உரிந்து வந்தது, அடியில் துருப் பிடித்த குழி குழி. கிர்லிங் பெயர் எங்கும் இல்லை. பிறகு பைப் நட்டை எடுத்து காலிபரில் திருகினார். உள்ளே போனது, ஆனால் ஆடியது. "சார், இது வேற ஏதோ வண்டியோடது. உங்க பைப் இஞ்ச் த்ரெட், இது எம்.எம். த்ரெட்" என்றார்.

எங்கள் பைப் நட்டின் மரை எட்டில் மூன்று இஞ்ச், அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர். அந்தக் காலிபரின் துளை 10 மில்லிமீட்டர் மரை. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, அதனால்தான் ஆபத்து. சேர்ந்ததுபோலவே இருக்கும். அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும்போது அந்த அழுத்தத்தில் பிடுங்கிக்கொள்ளும். பழைய காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன், ஒரு இடத்தில் பிடுங்கினால் மொத்த பிரேக்கும் போச்சு. பாய் கவனிக்காமல் விட்டிருந்தால்?

போன் செய்தேன். முதலில் "கூரியர்ல மாறியிருக்கும்" என்றார். அடுத்து, "உங்க மெக்கானிக்குக்கு பழைய வண்டி தெரியாது சார்." நாற்பது வருஷமாக ஹெரால்டு பார்க்கிறவரைப் பற்றி இந்தப் பேச்சு! அதன்பிறகு, இறக்குமதிப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று வேறொருவர். கடைசியில், "அடாப்டர் இருக்கு, 1,800 ரூபாய் அனுப்புங்க, சரியாயிடும்" என்றார்கள். 48,500 போதாதென்று இன்னும் 1,800! மறுத்ததும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். எனக்குக் காட்டிய அதே காலிபர், அதே மேஜை, இப்போது மறுபடியும் விற்பனைக்கு என்று படம் போட்டிருக்கிறார்கள்.

எதைப் பார்த்து வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இப்போதைக்கு இது மட்டும்:

பில் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். பெயின்ட் அடித்த காலிபரை வாங்காதீர்கள், வெறும் இரும்பாகக் காட்டச் சொல்லுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். மரையை கேஜ் வைத்து அளக்காமல் எந்த பிரேக் பைப்பையும் திருகாதீர்கள், அடாப்டர் என்று யார் சொன்னாலும் சரி. ஏமாந்தால் உடனே சைபர் மோசடி புகார் எண் 1930-க்கு அடியுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் கொடுத்திருக்கிறேன்.

இதேபோல் ஸ்பிட்ஃபயர் செட் என்று யாரிடமாவது இப்போது பேசிக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், அளந்த படங்களை அனுப்புகிறேன். ஏற்கெனவே பெட்டி வந்துவிட்டது என்றால், காசு கொடுத்தாச்சே என்று அதை மட்டும் வண்டியில் மாட்டிவிடாதீர்கள்.